ஹெல்மெட்டில் மூன்று தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இருபத்துநாலு மணி நேரக் கார் பந்தயம் ஒன்றில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து நானே கேட்டது இது. பதிவும் இருக்கிறது.

எங்கள் அணியின் சாம்பியனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளம்பரப் பலகைகளில் பல்லைக் காட்டுவாரே, அவர்தான். பதினோரு கோப்பை. கார் ஓடும்போது அவரோடு ரேடியோவில் பேசுவது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இன்ஜினியர் பட்டம் வாங்கியதே இந்த மனுஷனுக்கு "சரி சார்" சொல்லத்தான் போல.

நீண்ட பந்தயத்தில் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு பெல்ட்டை இழுத்துக் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு. டக், டக். கிளம்பு என்று அர்த்தம். சாம்பியனுக்கு எல்லோரும் கட்ட வேண்டும். அவர் மட்டும் யாருக்கும் கட்ட மாட்டார். இறங்கியதும் கேமராவைத் தேடிப் போய்விடுவார்.

நாலு வருடம் முன்பும் அப்படித்தான் போனார். அவருக்குப் பின் ஏறியவர், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் ஜோடி ஓட்டுநர். தளர்ந்த பெல்ட்டோடு ஏழாம் வளைவுச் சுவரில் மோதினார். பிழைக்கவில்லை.

"நான் கட்டினேன். மெக்கானிக்தான் பூட்டைச் சரியா பார்க்கல." விசாரணையில் கூசாமல் சொன்னார் சாம்பியன்.

அந்த மெக்கானிக் என் அண்ணன். அதன்பிறகு எந்த அணியும் அவனைச் சேர்க்கவில்லை. ஒருநாள் இவர் வாயிலிருந்தே உண்மை விழும் என்றுதான் அந்த ஹெட்போனை மாட்டினேன். நான் யாருடைய தங்கை என்று சாம்பியனுக்குத் தெரியாது. கூட வேலை செய்கிறவர்களின் முகத்தை அவர் எப்போது பார்த்தார்?

அன்று இரவு 2.14. எங்கள் இளைய ஓட்டுநர் சின்னவன் இறங்கினான். சாம்பியன் ஏறினார். ரேடியோவில் கேட்டது.

டக்... டக்... டக்.

மூன்றா? சின்னவனுக்குத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

2.20. "பெல்ட் ரொம்ப இறுக்குது."

"தளர்த்திக்கோங்க சார்."

"அறிவிருக்கா? தளர மாட்டேங்குது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு கோப்பைக்கு ஒரு பெல்ட்டைத் தளர்த்தத் தெரியவில்லை.

அடுத்த சுற்று. ஏழாம் வளைவு.

டக்... டக்... டக்.

சிரிப்பு நின்றது. காருக்குள் ஒரே ஆள்தான்.

"யாரு... தட்டுறது?"

"யாரும் இல்ல சார்."

"இழுக்கிறான்... பின்னாடியிருந்து இழுக்கிறான்..."

மறுபடி ஏழாம் வளைவு.

டக்... டக்...

"நெட்டை... விடுடா... நான் கட்டல... பொய் சொன்னேன்... கட்டவே இல்லடா..."

டக்.

பிறகு மூச்சு மட்டும்.

கார் ஊர்ந்து வந்து எங்கள் முன் நின்றது. பெல்ட்டின் பூட்டு திறக்கவில்லை. பெல்ட்டை அறுத்துத்தான் அவரை இறக்கினார்கள். இரண்டு தோளிலும் எலும்பு உடைந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு பேட்டி கொடுத்தார். "பெல்ட் கோளாறு"தானாம். வெட்கங்கெட்ட ஜென்மம். ஆனால் பதிவு அதற்குள் விசாரணைக் குழுவுக்குப் போய்விட்டது. அண்ணன் மேலிருந்த பழி நீங்கியது.

சின்னவனைப் பிடித்துக் கேட்டேன். "ஏன்டா அப்படி இறுக்கிக் கட்டின?"

"நான் எங்க கட்டினேன் அக்கா? கதவுகிட்ட ஏற்கெனவே ஒருத்தர் ஹெல்மெட்டோட குனிஞ்சு நின்னாரு. நீ போன்னு கையைக் காட்டினாரு. நல்ல உயரம்."

ஆள் மாறிய நேரத்து வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். கதவருகே யாரும் இல்லை. பெல்ட்டின் நுனி மட்டும்... தானாக நீள்கிறது.

அண்ணனிடம் பதிவைக் கொடுத்தேன். கேட்டுவிட்டுச் சிரிப்பான் என்று பார்த்தேன். ஹெட்போனை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாரும் ரெண்டு தட்டுதான் தட்டுவாங்க. மூணு தட்டுறது நெட்டை ஒருத்தன்தான்."

"மூணாவது எதுக்கு?"

அண்ணன் ஹெட்போனைத் தள்ளி வைத்தான்.

"நான் இங்கேயேதான் இருப்பேன்னு அர்த்தமாம்."