முடக்கிய பெட்டி

இணையப் படிவங்கள் எழுதுவதுதான் இருபது வருடமாக அவர் பிழைப்பு. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பதியும் மருத்துவமனைப் படிவமும் அவர் கைவேலைதான். சரிபார்த்த தொலைபேசி எண்ணை யாரும் மாற்றிவிடக் கூடாதென்று அது இருக்கும் பெட்டியை முடக்க ஒரு சொல் சேர்த்தார். பெட்டி சாம்பல் நிறமானது. எண் மட்டும் திரையில் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் முடக்கிய பெட்டியில் இருப்பது, படிவத்தை அனுப்பும்போது கூடப் போகாது. கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம், இந்த மேதாவி மறந்து தொலைத்தார்.

தன் அக்காவையும் அவரே அதில் பதிந்தார். நான்கு மாதம் அவள் செல்பேசியை மடியிலிருந்து இறக்கவில்லை.

"இன்னும் கூப்பிடலையேடா தம்பி?"

"கூப்பிடுவாங்கக்கா, கொஞ்சம் பொறு."

அக்கா கண்ணை மூடிய பிறகு, பெயரை நீக்கச் சொல்ல மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த எழுத்தர் பெண் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு தடவை இவங்க முறை வந்துச்சு சார். நம்பரே இல்லாம யாரைக் கூப்பிடறது?"

பட்டியல் நெடுக எண்ணுக்கான இடம் காலியாகக் கிடந்தது.

திருத்துவதற்கு ஒரு சொல்லை அழித்தால் போதும். அன்றே அழித்தார். சோதித்துப் பார்க்க அக்காவின் படிவத்தையே மறுபடி அனுப்பினார்.

எண் ஓர் இலக்கம் பிசகாமல் போய்ச் சேர்ந்தது.