இடது பக்கச் சக்கரங்கள்

என் வீட்டுக்காரர் லாரியை விட்டு இறங்கியது முதுகினால். சங்ககிரியிலிருந்து பம்பாய் வரை ஓட்டிக்கொண்டிருந்தவரை, ஒரு நடை முடிந்து வந்தபோது இரண்டு பேர் தாங்கித்தான் கேபினிலிருந்து இறக்கினார்கள். இனி லாரியில் உட்கார்ந்தால் கால் விளங்காமல் போகும் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அது எண்பதுகளின் பின்பாதி. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளி, பழைய பழக்கத்துக்காக அவரைக் காருக்கு டிரைவராக வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் தங்க ஒரு அறையும் கொடுத்தார். நான் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்தேன்.

அந்தக் கார் எங்கள் பக்கத்தில் யாரும் பார்க்காதது. வெளிநாட்டுக் கார், மெட்ராஸில் ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. ஊரார் பேசியதெல்லாம் அதன் சக்கரங்களைப் பற்றித்தான். இரும்பு ரிம்மையே பார்த்துப் பழகியவர்களுக்கு, நடுவிலிருந்து கை கையாக விரிந்த அந்த அலாய் சக்கரம் வேடிக்கையாக இருந்தது. சில்வர் சக்கரம் என்றார்கள். டீக்கடையில் நிறுத்தினால், இதை உருக்கினால் எத்தனை குண்டாச் சட்டி அடிக்கலாம் என்று யாராவது கேட்பார்களாம்.

காரை விற்றவர் என் வீட்டுக்காரரிடம் விவரமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அலுமினியத்தோடு வேறு உலோகம் கலந்து வார்த்த சக்கரம். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு. பூச்சு போனால் திரும்பாது. என் வீட்டுக்காரர் அதிலிருந்து மாறவே இல்லை. ஓடி வந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றமாட்டார். வேப்பமர நிழலில் நிறுத்தி, கை வைத்துப் பார்த்து, ஆறின பிறகுதான் வாளியை எடுப்பார். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி, மண்ணையும் பிரேக் கட்டையிலிருந்து உதிர்ந்த கருப்புத் தூளையும் ஓடவிடுவார். எடுத்ததும் துணி போட்டால் அந்த மண்ணே கீறிவிடும் என்பார். பிறகு தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட் ஒன்றைத் தண்ணீரில் கரைத்து, பழைய பனியன் துணியால் ஒவ்வொரு சக்கரமாகத் துடைப்பார். இடுக்குகளுக்கு மெத்தென்ற பெயிண்ட் பிரஷ். நுரை காய்வதற்குள் அலசிவிட்டு, ஈரம் ஒற்ற வேறு துணி. சக்கரம் துடைத்த துணி காரின் மேல் படக்கூடாது என்பதால் அதற்குத் தனிக் கொடி கட்டியிருந்தேன். லாரி ரிம்மை டீசல் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்த கை அது. குனிய முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து இத்தனையும் செய்வார்.

முதலாளியின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். பின்கட்டில் என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி ஊர்க்கதை பேசுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அடிக்கடி கேலி செய்வார். கேட்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். ரிக் வண்டியும் கம்ப்ரசரும் கழுவப்பட்டு வாசலில் வரிசையாக நின்றன. என் வீட்டுக்காரர் காரைக் கழுவி நிறுத்திவிட்டு, பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்க ஆட்களோடு சங்ககிரிக்குப் போயிருந்தார். நானும் அக்காவும் பின்கட்டில் புளியும் செங்கல் பொடியும் போட்டுக் குத்துவிளக்குகளைத் துலக்கினோம். பூஜைக்கு முன் அந்த வீட்டில் மின்னக்கூடியது எதுவானாலும் அன்று புளி போட்டுத் துலக்கியாக வேண்டும். விளக்குகள் முடிந்ததும், மிச்சப் புளியோடு அக்கா எழுந்து காரைப் பார்த்து நடந்தார். பித்தளை போலப் பளிச்சென்று இல்லாத அந்தச் சக்கரம் அவர் கண்ணுக்கு அழுக்காகவே பட்டது. சாமி கும்பிடுகிற பொருள் மங்கலாக இருக்கலாமா?

"பொடி படக்கூடாதுன்னு அவரு சொல்லுவாருங்க, அக்கா," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவருக்குக் கேட்டது.

"உன்ற ஊட்டுக்காரன் கொழந்தைக்குத் தண்ணி வாக்கறாப்பல தொட்டுத் தொட்டுத் தொடைக்கறான். அழுத்தித் தேச்சாத்தான அம்மணி அழுக்குப் போகும்?" என்று சிரித்தார்.

இடது பக்கத்து இரண்டு சக்கரங்களிலும் புளியை அப்பி, ஊறட்டும் என்று வெயிலில் விட்டு, பிறகு செங்கல் பொடியால் தேய்த்தார். புளி தீர்ந்துபோனதால் வலது பக்கம் தப்பியது. தண்ணீர் ஊற்றியபோது நன்றாகத்தான் தெரிந்தது. காயக் காய, தேமல் போல வெள்ளைத் திட்டுகள் கிளம்பின. சுற்றிலும் வட்ட வட்டமாகக் கீறல். அக்கா முந்தானையால் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு திட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஷாம்பு தண்ணீரில் ஒருமுறை துடைத்தார். இது அழுக்கு இல்லை, தோலே போய்விட்டது என்றார். அதற்குமேல் கை வைக்கவில்லை.

சாயங்காலம் முதலாளி பார்த்துவிட்டார். அந்த வாரம் நாமக்கல்லில் அவருடைய மகளுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டு வாசலில் அந்தக் கார் போய் நிற்பதைத்தான் மாதக் கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

"லாரி ரிம்முன்னு நெனச்சுட்டயாப்பா?" என்றார்.

என் வீட்டுக்காரர் நிலைப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே அக்காவின் சேலை தெரிந்தது. கழுவினதில் தப்பாகிவிட்டது என்றார். யார் என்று சொல்லவில்லை.

"பூஜை முடிஞ்சதும் நீ லாரிக்கே போயிரு. காருக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அறைக்குள் வந்ததும் நான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"நான் சொன்னா, நாளைக்கு அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி அந்தம்மாவ நிக்க வெச்சுப் பேசுவாரு. எனக்கு லாரியாவது இருக்குது. அந்தம்மா எங்க போகும்?"

லாரி இருந்தது, முதுகு எங்கே இருந்தது? அவருடைய காலை நினைத்துக்கொண்டு பழைய இடுப்பு பெல்ட்டை எடுத்து வெளியே வைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் வாழைக்கன்று கட்டி, சொந்தக்காரர்களும் ரிக் ஆட்களும் கூடியிருந்தார்கள். முதலாளி ஷெட்டிலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்து, திட்டுகளைத் தேய்த்து எடு என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"வேண்டாமுங்க. இனித் தேச்சா இருக்கறதும் போயிருமுங்க."

"குனிய முடியலன்னு சொல்லு. அதுக்கு ஏம்ப்பா இத்தன பேச்சு?" என்றார் முதலாளி. ஆட்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, சக்கரத்துக்கு முன்னால் தானே உட்கார்ந்து உப்புத்தாளை வைத்தார்.

அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"உடுங்க. நேத்து நான் தேச்சதே போதும்," என்றார்.

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். முதலாளி அக்காவைப் பார்த்தார், அப்புறம் என் வீட்டுக்காரரை. சத்தம் வரப்போகிறது என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரமாகிறது, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வையுங்கள் என்றார். காரை எடுக்க வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஏறி, பழங்களை நசுக்கிக் காரை முன்னால் நகர்த்தினார். போ என்று சொன்ன வாய் இரு என்று கடைசிவரை சொல்லவில்லை. வேலை அப்படியே தங்கிப்போனது.

நாமக்கல் நிச்சயத்தில் என் வீட்டுக்காரர் இடது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி காரை நிறுத்தினாராம். பிறகு சேலத்தில் ஒரு பெயிண்டர் மேலே பூச்சு அடித்துக் கொடுத்தார். திட்டு அடியில் தெரிந்துகொண்டேதான் இருந்தது. அதிலிருந்து எங்கே போனாலும் சுவரோரம்தான் நிறுத்தம்.

வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்ததோ எங்களுக்குத் தெரியாது. அக்கா பின்கட்டுக்கு வந்து உட்காருவதை நிறுத்திவிட்டார். வெங்காயத்தை நான் தனியாக உரித்தேன். வேலை சொல்வதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவர் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, அக்கா என்று சொல்லப் பலநாள் வாயெடுத்தேன். அது அக்காவுக்கே தெரியும். தெரிந்ததுதான் அவரை உள்ளே நிறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருஷத்துப் பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு காரிடம் வந்த அக்கா, விரலைத் தோய்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"எங்க வெக்கட்டும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அவர் டயரின் ரப்பரைக் காட்டினார். "இங்க வெய்யுங்க. இதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

வலது பக்கத்து இரண்டு டயர்களுக்கும் அக்கா வைத்தார். காரைச் சுற்றிச் சுவரோரம் வந்ததும் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"அந்தப் பக்கம் நீ வெய்யி அம்மணி."

சுவருக்கும் காருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, அந்தத் திட்டுகளில் விரல் படாமல் ரப்பரில் பொட்டு வைத்தேன். எழுந்து பார்த்தபோது அக்கா அங்கே இல்லை.