ரயில் போகிற நேரம்

மகளுக்கு மூன்று இலக்கப் பெருக்கல் சொல்லித்தர உட்கார்ந்தவன், அவளுடைய ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரை மோந்ததும், காக்ஸ் டவுனில் இப்போது அபார்ட்மென்ட் நிற்கிற இடத்திலிருந்த டியூஷன் ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

ரயில் போனால் தகரக் கூரை அதிரும், மிஸ் கணக்கைப் பாதியில் நிறுத்துவார், பக்கத்திலிருக்கும் ஸ்டெல்லா கண்ணை மூடிக் காதைப் பொத்துவாள், எப்போதும் அவளுக்கு அடுத்த மார்க்கே வாங்கும் மகா மேதையான நான், இதே வாசனை ரப்பரால், அவள் கூட்டுவதற்காக மேலே எழுதிவைத்த குட்டி எண்ணை அழித்துவிடுவேன்.

"கவனம் எங்கடி போகுது?" ஸ்கேல் விழும்.

"எழுதினேன் மிஸ்" என்பாள், தனக்கே நம்பிக்கையில்லாமல்.

கணக்கு வராதென்று அவள் அப்பா டியூஷனை நிறுத்தினார். நான் ஃபர்ஸ்ட்.

இன்றும் ஜன்னலுக்கு வெளியே ரயில் தடதடத்தது. மகள் கண்ணை மூடிக் காதைப் பொத்தினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.