ரிசல்ட்டுக்கு முன்னால் போட்ட மொட்டை

நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். முருகன் படத்துக்குப் பூ வைக்காமல் வண்டிச் சாவியைத் தொட்டதில்லை. மகள் பிளஸ் டூவுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தேன். அறுநூறுக்கு ஐநூற்றைம்பது மார்க் தாண்டினால் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டேன்.

என் மனைவி, பரீட்சை முடியும் வரை ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். அடுத்த வீட்டிலிருக்கும் என் அக்கா மஞ்சள் துணியில் காசு முடிந்து எங்கள் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்த மாடத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பிள்ளை படிப்பாள். எங்களுக்கு இருப்பது ஒரே அறை.

பரீட்சை தொடங்கியதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை வைத்தால், "நீ சாப்பிடலியாம்மா?" என்று கேட்பாள். "எனுக்கு விரதம்மா, நீ சாப்ட்டுட்டு படி" என்பாள் என் மனைவி. பிள்ளை சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவாள். பிறகு பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். புத்தகத்தில் இருப்பதை ஒரு சொல் மாறாமல் எழுத வேண்டுமாம். அர்த்தம் இன்னாம்மா என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா" என்றாள்.

கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று புத்தகத்தையே எடுக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கஷ்டமா இருந்துச்சா கண்ணு?"

"ரெண்டு கணக்கு விட்டுட்டேன்பா. ஐநூத்தம்பது வராது."

"வராட்டி போவுது."

"போவுதுன்றியே, நீ முருகன்கிட்ட சொல்லிட்டு வந்துக்கிற. அம்மா பட்டினி கெடக்குது. அத்தை காசு முடிஞ்சி வெச்சிருக்குது. நான் இல்லாமயே போயிட்டா தேவலைன்னு இருக்குதுபா."

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். மனைவியிடம் சொன்னேன். அன்று நாங்கள் இருவரும் அவளை விட்டு நகரவில்லை.

மறுநாள் பரீட்சை இல்லை. பிள்ளையை அம்மாவோடு இருக்கவைத்து, வண்டியை நிறுத்திவிட்டுத் திருத்தணி பஸ் ஏறினேன். அக்காவின் மஞ்சள் முடிச்சையும் எடுத்துப் போய் உண்டியலில் போட்டேன். கேட்டது கிடைத்த பிறகு செலுத்துவதுதான் வழக்கம். நான் முன்னாலேயே மொட்டை போட்டுக்கொண்டு சந்நிதியில் நின்றேன். "அப்பனே, மார்க்குப் பேச்ச நான் திரும்ப எடுத்துக்கறேன். எம்பொண்ணு நல்லா இருந்தா போதும்."

சந்தனம் பூசிய தலையோடு திரும்பி வந்ததும் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ரிசல்ட்டே வரலியே, அதுக்குள்ள இன்னா அவசரம்? இப்பவே குடுத்துட்டா அவரு எதுக்கு மார்க்கு போடப் போறாரு?"

"மார்க்கு போடறது வாத்தியாரு. முருகன ஏன் இழுக்கற? நீ மொதல்ல புள்ளயோட உக்காந்து சோறு துன்னு."

மகள் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொட்டையில உனுக்கு காது ரொம்ப பெருசா தெரியுதுபா" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். அம்மாவும் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

மார்ச் மாதம் என் வண்டியில் ஏறும் பிள்ளைகள் பேசுவதில்லை. கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு வருடப் படிப்பை மூன்று மணி நேரத்தில் நிறுத்துப் பார்ப்பது எந்த விதத்தில் சரி என்று எனக்குப் புரியவில்லை. வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கக் கூடாதா? புரிந்ததைச் சொந்த வார்த்தையில் எழுதினால் மார்க் தரக் கூடாதா? முதல் மார்க் பிள்ளையின் படத்தைத் தெருமுனையில் பெரிதாகக் கட்டுகிறார்கள். மற்ற பிள்ளைகளும் அதற்குக் கீழேதானே நடந்து போகவேண்டியிருக்கிறது? பெரியவர்கள் இதை மாற்றவேண்டும். வீட்டில் நாங்களும் மாறவேண்டும். சாமியைக் கூட எங்கள் பிள்ளை தலையில் ஏற்றி வைத்தவர்கள் நாங்கள்தானே.

ரிசல்ட் வந்தது. ஐநூற்றைம்பது வரவில்லை. போனைப் பார்த்து ஒவ்வொரு பாடமாக அவளே எங்களுக்கு வாசித்தாள். கணக்கில் வந்ததையும் வாசித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அத்தையிடம் தானே சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினாள்.