கருவாட்டு வீட்டு நாய்

ராயபுரம் கடற்கரையில் கருவாடு போடுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்த வாடையிலேயே ஊறிப்போன மூக்கு எங்களுக்கு.

மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ஒருநாள் வந்தாள். எங்கள் நாய் மணி ஓடிப்போய் அவள் முகத்தை நக்கியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னா அண்ணி, இது வாயி பொண நாத்தம் நாறுது!”

“கருவாட்டு வூட்டு நாய் வாயி சந்தனமா மணக்கும்?” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சில வாரங்களில் மணி மீன்தலையைக்கூட முகர்ந்துவிட்டு விலகியது. ரத்தம் கலந்த எச்சில் ஒழுகியது. கைரிக்‌ஷாவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அதன் வாயைத் திறந்து, கடைவாய் ஈறில் புதைந்திருந்த கெளுத்தி முள்ளை இடுக்கியால் எடுத்தார். தாடை முழுக்கச் சீழ்.

“நாத்தம் அடிச்சப்பவே கொண்டாந்திருக்கணும்மா” என்றார்.

மறுநாள் மணி செத்துப்போனது. நான் அழவில்லை. வெயில் ஏறிவிட்டதால் போய்க் கருவாட்டைத் திருப்பிப் போட்டேன்.

இப்போது வேறொரு நாய் வளர்க்கிறோம். என் மூக்கை நான் நம்புவதில்லை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும், அவர்கள் உட்காருவதற்கு முன்பே நாயின் வாயைப் பிளந்து காட்டி, நாறுகிறதா என்று கேட்கிறேன்.