யானைக்கு இடம் விட்ட படங்கள்

வெள்ளத்தில் வீட்டு அல்பம் ஊறிப்போனதால் அம்மாவுக்கு நல்ல படம் ஒன்றும் இருக்கவில்லை. அதனால் போன வருசம் நாவற்குடாவிலிருந்து அம்மா, அக்கா, நான் மூவரும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனபோது, காடு தொடங்கும் உகந்தை வரைக்கும் அவவைப் படம் எடுத்தபடியே போனேன். காட்டுக்குள் நுழையும்போது போன் நிரம்பிவிட்டது. யானையைக் கண்டால் எடுக்க வேண்டுமே என்று, அம்மாவின் படங்களை அக்காவின் போனுக்கு அனுப்பிவிட்டு அழித்தேன்.

திரும்பி வந்த மூன்றாம் மாதம் அம்மா மாரடைப்பில் போய்விட்டா. கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்குப் படம் கேட்டார்கள். நான் அக்காவிடம் கேட்டேன்.

"உன்னட்ட இருக்கும்தானே எண்டு நானும் அழிச்சிட்டன் புள்ள," என்றா. அவட போனிலும் யானைகள்தான் இருந்தன.

"ரெண்டு பொம்பிளப் பிள்ளையப் பெத்தும் ஒரு படமில்லையா?" என்று மாமி செத்த வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டா. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து அச்சடித்தோம். அதில் அம்மா யாரோ அதட்டியதுபோல் விழிக்கிறா.

இப்போது எங்கே போனாலும் அன்றைய படங்களை அன்றே மெமரி கார்டில் ஏற்றி, என் மகளுக்கும் அனுப்புகிறேன். அவள் திறந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் போனில் எதையும் அழிக்கிறேன். போன வாரம் செட்டிபாளையத்தில் சாப்பிட்ட மீன்குழம்பு என் போன், கார்ட், மகளின் போன் என்று மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அம்மா அடையாள அட்டையில் இருக்கிறா.