நீரூற்றுத் தொட்டியைக் காலி செய்யாத நாள்

“தொட்டித் தண்ணி முழுக்க இன்னிக்கே வெளியேத்திடும்மா. கம்ப்ளெயின்ட் மேல வரைக்கும் போயிடுச்சு.”

ராமநாதன் சார் போனில் இதைச் சொன்னபோது என் தோளில் சாய்ந்திருந்த மகளின் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு சதுக்கத்து நீரூற்றைப் பராமரிக்கும் கம்பெனியில் நான் சைட் இன்ஜினியர், சார் எனக்கு மேலதிகாரி. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த நாளின் அனுபவம் உதவலாம் என்று இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கார்ப்பரேஷன் லைனிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்புவோம். அதே லைனில்தான் பக்கத்துச் சந்தின் பொதுக் குழாயும் இருந்தது. நாங்கள் நிரப்புகிற நேரத்தில் அங்கே பக்கெட்டோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நூல்போலத்தான் தண்ணீர் வரும். அதனால் ஃபில்டர் போட்டு அதே தண்ணீரைச் சுற்றவிடலாம், பம்பைக் காலையும் மாலையும் மட்டும் ஓட்டலாம், குறைவதை மழைநீரால் ஈடுகட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சீசன் பார்க்கலாம் என்று சார் சம்மதித்தார்.

துர்கா பூஜை முடிந்தும் மழை விடவில்லை. சந்தில் ஒவ்வொரு வீடாகக் காய்ச்சல் வந்தது. நீரூற்றுக்கு எதிர்வீட்டு மாடியில் இருப்பவரை எல்லாரும் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். பகல் முழுக்க தேங்கி நிற்கிற தண்ணீரில் கொசு வராமல் மயிலா வரும் என்று அவர் வங்காளத்தில் கேட்டார். கம்ப்ளெயின்ட் கொடுத்ததும் அவர்தான். பிறகு என் மகளுக்கும் காய்ச்சல் வந்தது. தினமும் மாலையில் க்ரெஷ்ஷிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டுதான் பம்பைப் பார்க்கப் போவேன். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு “ஜொல், ஜொல்” என்று வங்காளத்தில் தண்ணீரைச் சொல்லிக் கத்துவாள். தண்ணீரை மிச்சப்படுத்துகிறேன் என்று பிள்ளைக்கே டெங்கு வரவழைத்துவிட்டேனோ? இந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

சாரின் போன் வந்த அன்று என் கணவர் லீவு போட்டார். “பிளட் டெஸ்ட்டுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நீ சைட்டுக்குப் போ. கூட வந்தா லேப்காரரையும் சேர்த்து பயமுறுத்திடுவ,” என்றார்.

சைட்டில், தொட்டியைக் காலி செய்யும் டிரெய்ன் வால்வில் கை வைத்தேன். திருப்பியிருந்தால் அன்றோடு விஷயம் முடிந்திருக்கும். சாரும் பௌதியும் சமாதானமாகியிருப்பார்கள். ஆனால் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று அதுவரை யாருமே பார்க்கவில்லை, நான் உட்பட. புழு இல்லையென்றால் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, மறுபடி அந்த வரிசையின் தண்ணீரை எடுத்து நிரப்ப வேண்டியிருக்கும்.

வெள்ளை பிளாஸ்டிக் மக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். வெள்ளையில் புழு நன்றாகத் தெரியும். மூலைகளிலும் தண்ணீர் பீய்ச்சும் நாசிலைச் சுற்றியும் லைட் குழிகளிலும் மொண்டு பார்த்தேன். ஒன்றுமில்லை. மழைநீர் சேரும் நிலத்தடி டேங்கிலும் இல்லை. திருப்தி வராமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். தண்ணீருக்கே தலை சுற்றப்போகிறது தீதி (அக்கா) என்று பம்ப் ஆபரேட்டர் ஷ்யாமல்தா சிரித்தார்.

பிறகு வால்வு சேம்பர், அதாவது வால்வு இருக்கும் தரையடிக் குழி. பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கியபோது அதன் மூடி உடைந்திருந்தது. உள்ளே மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு மக் மொண்டதுமே புழுக்கள் நெளிந்தன. தொட்டிக்கும் அந்தத் தண்ணீருக்கும் தொடர்பே கிடையாது. தொட்டியைக் காலி செய்திருந்தாலும் இந்தக் குழி அப்படியே இருந்திருக்கும்.

சேம்பர் தண்ணீரை இறைத்து, மழை படாத இடத்தில் காய்ந்த மண்ணில் கொட்டினோம். அடியில் ஜல்லி போட்டு, புது மூடி வரும்வரை தகரத்தால் இறுக்கி மூடினோம். சாருக்குப் போன் செய்தேன்.

“தொட்டியில ஒண்ணுமில்லேன்னு நிச்சயமா தெரியுமா?”

“ரெண்டு தடவை பார்த்துட்டேன் சார்.”

“நீ ரெண்டுன்னா நாலாயிருக்கும். சரி, தண்ணி இருக்கட்டும். கம்ப்ளெயின்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

பௌதியைக் கீழே கூப்பிட்டு, இரண்டு இடத்துத் தண்ணீரையும் மக்கில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பாராட்டவில்லை. வாராவாரம் இப்படிக் காட்டவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார். இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் கணவர் கூப்பிட்டார். “டெங்கு இல்லையாம். சாதாரண வைரல்தான். இட்லி கேட்டு அழறா, சீக்கிரம் வா.” நான் பம்ப் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஷ்யாமல்தா டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

அந்தச் சேம்பர் கொசு சந்தில் யாரையும் கடிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. அதனால் பந்தலுக்கு மூங்கில் இறக்கிய மறுநாளும் பிரித்த மறுநாளும் எல்லா மூடிகளையும் பார்த்துவிடுகிறேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு போன் வரும். தண்ணீரைத் திறந்துவிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழியிலும் ஒரு மக் மொண்டு பாருங்கள்.